ஆவுடை கையில ஒரு சுவிட்சு

அந்த ஓரத்துல உக்காராதீங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிட்டு வாறதுக்குள்ள எடம் போயிருது. பெஞ்சு ஆஸ்பத்திரிக்குச் சொந்தந்தான், நான் இல்லேங்கலை. ஆனா அந்த ஓரம் என்னோடது. நீங்க இப்படி வாங்க, இங்கன ஃபேன் காத்து வரும். அந்த ஓரத்துல காத்தும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அங்கன உக்காந்தா கண்ணாடிக் கதவு வழியா மூணாம் நம்பர் கட்டில் தெரியும், அவ்வளவுதான். மூணாம் நம்பர் நம்ம வீட்டுக்காரி. ஆவுடையம்மாள்.

உள்ள ஒங்களுக்கு யாரு? அண்ணனா? ஈரலுல கட்டியா. சரி சரி. கையில என்ன பேப்பரு, கையெழுத்துப் போடச் சொன்னாங்களா? குடுங்க பாப்போம். ஆங், அதேதான். வலி மருந்துப் பெட்டி. போட்டுட்டியளா? இன்னும் இல்லையா, நல்லவேளை. போட வேண்டாம்னு சொல்லலை. போடுறதுக்கு முன்னால என் கதையக் கொஞ்சம் கேட்டுட்டுப் போடுங்க. இந்த வார்டுல அந்தப் பெட்டியைப் பத்தி என்னைய விடத் தெரிஞ்ச ஆள் கெடையாது. டாக்டரையும் சேத்துத்தான் சொல்லுதேன்.

இருங்க, ஒரு நிமிசம். உள்ள பச்சை லைட்டு எரியுதான்னு பாத்துக்கிடுதேன். ம், எரியுது. சரி.

இந்தா பாத்தியளா, மஞ்ச அட்டை. நாள் முழுக்கப் பாஸ். ஒங்களையெல்லாம் நாலு மணிக்கு உள்ள விட்டு ஆறு மணிக்கு வெளிய பத்திருவாங்க. எனக்கு அப்படி இல்லை. காலையில எட்டு மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் ஏன் எதுக்குன்னு ஒருத்தன் கேக்க முடியாது. வாட்ச்மேன் எந்திரிச்சு வழி விடுதான். இந்த வார்டுல இந்த அட்டை வாங்கின ஒரே ஆள் நான்தான். எப்படி வாங்கினேங்கிறதையும் சொல்லுதேன்.

பெட்டி என்னன்னா, ஒரு டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். குளுக்கோஸ் மாட்டுற ஸ்டாண்டுலதான் அதையும் மாட்டியிருப்பாங்க. உள்ள மார்ஃபின் மருந்து. அதைப் பூட்டி, சாவியை சிஸ்டரு இடுப்புல சொருகிக்கிடுவா. பெட்டியில இருந்து ஒரு வயரு, வயரு நுனியில காலிங் பெல் மாதிரி ஒரு சுவிட்சு. வலிச்சா அமுக்கணும். அமுக்கினா கொஞ்சூண்டு மருந்து நேரா ரத்தத்துல போவும். அதுக்கப்புறம் பத்து நிமிசத்துக்கு நீங்க தலைகீழா நின்னு அமுக்கினாலும் போவாது. மருந்து தயாரா இருந்தா பெட்டியில பச்சை லைட்டு எரியும். அமுக்கின ஒடனே அணைஞ்சுரும், பத்து நிமிசம் கழிச்சுத் திரும்ப எரியும். செஞ்சவன் மூளையைக் கொறை சொல்லக் கூடாது, நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா கடைசியில ஒரு கூத்துப் பண்ணியிருக்கான் பாருங்க. சுவிட்சை யாரு கையில குடுக்கணும்? டாக்டர் கையிலயா? இல்லை. நர்சு கையிலயா? இல்லை. தாலி கட்டின புருசன் கையிலயா? அதுவும் இல்லை. வலிக்கிறவ கையிலயே குடுக்கணுமாம்.

நான் முப்பத்தியொரு வருசம் சப் ஸ்டேஷன்ல ஆபரேட்டரா இருந்தவன். சங்கரன்கோயில் பக்கம் வந்து குத்தாலிங்கம்னு கேட்டுப் பாருங்க, பதினாலு ஊருக்குத் தெரியும். பதினாலு ஊருக்கும் கரண்டு என் கையில. கரண்டு கட்டு காலத்துல எந்த ஊருக்கு எப்பப் போடணும், எப்ப நிறுத்தணும்னு எல்லாத்துக்கும் ஷிப்டு. ஏ குரூப்பு, பி குரூப்புன்னு சுவத்துல அட்டவணை ஒட்டியிருப்பேன். பருத்திக்குத் தண்ணி பாய்ச்சுதவன் போன் போட்டு அழுவான். மாவு மில்லுக்காரன் ஏசுவான். கல்யாண வீட்டுக்காரன் நேர்லயே வந்து கால்ல விழுவான். நான் அசைய மாட்டேன். பானையில இருந்தாத்தான அகப்பையில வரும்? கேட்டவனுக்கெல்லாம் போட்டா கடைசியில ஒருத்தனுக்கும் இருக்காது. கரண்டு வேணும்னு அழுதவன் கையிலயே சுவிட்சைக் குடுத்தா ஊரு வெளங்குமா, நீங்களே சொல்லுங்க.

வேண்டியவன் வேண்டாதவன்னு பாத்ததும் கெடையாது. மொதல்ல நிறுத்துறதே என் வீட்டு லைனைத்தான். ஆவுடைக்கு ஒரு வருசம் அம்மை போட்டிருந்துது. சித்திரை மாசம், கத்திரி வெயிலு, மதியம் ரெண்டு மணிக்கு எங்க தெருவுக்கு ஷிப்டு. கூட இருந்த லைன்மேன் சொன்னான், அண்ணாச்சி, மதினி வேப்பிலையில படுத்திருக்காங்க, இன்னைக்கு ஒரு நாள் மாத்திப் போடுவமேன்னு. மாத்துவேனா? இழுத்து நிறுத்திட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயிப் பாத்தா காலண்டர் அட்டையை வச்சு விசிறிக்கிட்டுக் கெடக்கா. ஏன் நிறுத்துனியன்னு ஒரு வார்த்தை கேக்கலையே. நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு மாலை போட்டுப் பேசுன அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க, இதுக்குத்தான் கை தட்டுனாங்க. ஆவுடையும் மொத வரிசையில உக்காந்து கேட்டா. கை தட்டுனாளான்னு நான் கவனிக்கலை.

அந்த அம்மை சமயத்துலதான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். அவளுக்கு நெச வலின்னா வாய் பேசாது, காலு பேசும். ரெண்டு காலு பெருவெரலும் ஒண்ணை ஒண்ணு கொக்கி போட்டுக்கிடும். மத்தபடி முனகுறது, பெரண்டு படுக்கது எல்லாம் சும்மா. மீட்டரைப் பாத்து லோடு சொல்லுதவனுக்குப் பொண்டாட்டி காலைப் பாத்துச் சொல்லத் தெரியாதா?

வீட்டுலயும் சுவிட்சு பூராவும் என் பொறுப்புதான். ஃபேனு, மோட்டாரு, டிவி, எல்லாம். கரண்டு வேலை தெரிஞ்சவன் வீட்டுல பொம்பளை எதுக்கு சுவிட்சைத் தொடணும்? இவ பாத்திரம் கழுவுன ஈரக் கையோட போவா. நான் கையைத் தூக்குவேன். இந்தா, இப்படி. உள்ளங்கையக் காட்டினாப் போதும், அப்படியே நின்னுருவா. நாப்பத்தி மூணு வருசத்துல நான் அவளை ஒரு அதட்டு அதட்டினது கெடையாது அண்ணாச்சி. கை ஒண்ணு போதும். அப்படி ஒரு புரிஞ்ச குடும்பம்.

இன்னும் எரியுது. நல்லது.

போன வருசம் மார்புல கட்டின்னு ஆரம்பிச்சுது. ஆபரேசன் பண்ணுனாங்க, அப்புறம் கட்டி இருந்த எடத்துல கரண்டு வச்சாங்க. ஆமா, அதுக்கும் கரண்டுன்னுதான் பேரு. அந்தக் கரண்டுல மட்டும் என் அதிகாரம் செல்லாது. அதுக்கு அப்புறமும் முதுகெலும்புக்குப் பரவிட்டு. இனிமே நோய்க்கு வைத்தியம் இல்லை, வலிக்குத்தான் வைத்தியம்னு சொல்லிட்டாங்க. மக பூனாவுல இருந்து வந்தா, பத்து நாள் அழுதா, போயிட்டா. வலிக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, அதுவும் வலி வாறதுக்கு முன்னாலயே குடுத்துரணுமாம். வராத விருந்தாளிக்கு எவனாவது எலை போடுவானா? நான் நாலை எட்டாக்குனேன். இப்பமே எல்லாத்தையும் முழுங்கித் தீத்துட்டா, நாளைக்குப் பெரிய வலி வரும்போது எந்த மருந்து கேக்கும்? டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன். அப்படி இல்லைங்கய்யா, வலி கூடுனா மருந்தையும் கூட்டிக்கிடலாம், மிச்சம் பிடிச்சு வைக்க வேண்டிய அவசியமே இல்லைங்கா. மிச்சம் பிடிக்க வேண்டாத சப்ளையை நான் என் சர்வீசுல பாத்ததில்லை.

ரெண்டு மாசம் அப்படித்தான் ஓட்டுனேன். ஒரு நாள் காலையில பாத்தா ஆவுடையால எந்திரிக்கவும் முடியலை, கத்தவும் முடியலை. கண்ணு மட்டும் முழிச்சபடி இருக்கு. ஆம்புலன்ஸ்ல போட்டுக் கூட்டியாந்தேன். நோய் முத்திட்டு, வேற என்ன.

பெட்டி வச்ச அன்னைக்கு டாக்டரம்மா வந்தா. மயக்க டாக்டரு. எம் மகளை விட வயசு கம்மி. கட்டில்ல உக்காந்து, ஆவுடை கையை எடுத்து மடியில வச்சு, சுவிட்சை உள்ளங்கையில குடுத்து, வெரலை ஒவ்வொண்ணா மடக்கி விடுதா. "வலிக்குன்னு ஒங்களுக்குத் தோணினா அமுக்குங்கம்மா. யாரையும் கேக்க வேண்டாம். ஒங்க வலி ஒங்களுக்குத்தான் தெரியும்"ங்கா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு எங்க ஊருல ஆடு மேய்க்கிறவனும் சொல்லுவான். இதுக்குப் போயி பத்து வருசம் படிக்கணுமா?

ஆவுடை சுவிட்சையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் என்னையப் பாத்தா.

"அமுக்கட்டா?"ன்னு கேட்டா.

பாத்தியளா மரியாதையை. மெஷினு ஆஸ்பத்திரியோடது, மருந்து டாக்டரம்மாவோடது, ஆனா உத்தரவு கேக்கது எங்கிட்ட. எனக்கு மனசு குளுந்துட்டு. இரு, பாத்துச் சொல்லுதேன்னு போர்வையை வெலக்கிக் காலைப் பாக்கப் போனேன். டாக்டரம்மா மூஞ்சி போன போக்கை நீங்க பாத்திருக்கணும். "அவரைக் கேக்காதீங்கம்மா"ன்னு அவகிட்டச் சொல்லிட்டு எங்கிட்டத் திரும்பினா. நீங்க இதைத் தொடவே கூடாது, அவங்களுக்குப் பதிலா அமுக்கவும் கூடாது, அமுக்க வேண்டாம்னு சொல்லவும் கூடாதுங்கா. ஏன்னு கேட்டேன். மருந்து கொஞ்சம் கூடிட்டா அவங்களுக்குத் தூக்கம் வந்துரும், தூங்குற கை அமுக்காது, அதுதான் காவல். கூட இருக்கவங்க அமுக்கினா அந்தக் காவல் போயிரும்னா. அது நியாயந்தான், ஒத்துக்கிட்டேன். நான் அமுக்கலை அண்ணாச்சி. சத்தியமா ஒரு தடவை கூட அமுக்கலை. அந்தப் பழி எம்மேல கெடையாது.

எடுத்து மாட்டி வச்சேன், அவ்வளவுதான். கட்டில்ல கெடந்தா முதுகு பட்டு அமுங்கிரும்லா? ஒரு பாதுகாப்புக்கு ஸ்டாண்டு கொக்கியில மாட்டினேன். அதுவும் நாலுல இருந்து ஆறு வரை, நான் இருக்கும்போது மட்டும். வேணும்னு கேட்டா எடுத்துக் குடுக்கப் போறேன். அவ கேக்கலை. பியூலான்னு ஒரு சிஸ்டரு இருக்கா, நாசரேத்துக்காரி, வாயில அருவா வச்சிருப்பா. வந்து பாத்துட்டு, "ஐயா, இது என்ன துணி காயப்போடுற கொடியா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு சுவிட்சை எடுத்து ஆவுடை கையோட சேத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிட்டுப் போயிட்டா. காலு ஒடைஞ்ச கோழிக்குக் கட்டுப் போடுத மாதிரி.

சரி, சட்டம் பேசுனா நமக்கும் சட்டம் தெரியும்லா. மறுநாள் காலண்டர் தாளு பின்பக்கத்துல ஒரு அட்டவணை போட்டுக் கொண்டு வந்தேன். ஆறுல இருந்து ஒம்பது உண்டு. ஒம்பதுல இருந்து பன்னெண்டு கெடையாது. பன்னெண்டுல இருந்து நாலு உண்டு, அதுவும் மணிக்கு ஒண்ணு. நாலுல இருந்து ஆறு கெடையாது, ஏன்னா நான் இருக்கேன், பேச்சுத் தொணை இருக்கும்போது வலி தெரியாது. இதுக்கு மேல ஒருத்தன் பொண்டாட்டிக்கு என்ன செய்ய முடியும்? ஆவுடை வாங்கிப் பாத்தா. மடிச்சுத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டா. சரின்னு தலையாட்டுனா.

நாலு நாளு. நாலுல இருந்து ஆறு வரை அவ கை அந்த சுவிட்சுல அசையலை அண்ணாச்சி. நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன். எதுத்த வீட்டுக்காரன் போர் போட்டது, தண்ணி வராம மூடினது, நான் அப்பவே சொன்னேனே, கேட்டானான்னு. அவ மெத்தை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே கேப்பா. நடுவுல பேசவே மாட்டா, அவ்வளவு கவனம். நெத்தியில முத்து முத்தா வேர்வை. இவங்க வச்சிருக்க ஏசி அந்த லட்சணம். காலைப் பாக்கலாம்னா போர்வையை இழுத்து மூடிக்கிடுவா, குளுருதுங்கா. வேர்க்கிறவளுக்கு எப்படிக் குளுரும்னு கேட்டேன். மருந்து அப்படிப் பண்ணும்னா. இருக்கும்.

அஞ்சாம் நாளு டாக்டரம்மா ரூமுக்குக் கூப்பிட்டா. மேசையில ஒரு தாளு. பக்கத்துல என் அட்டவணை. தலையணை மாத்தும்போது பியூலா எடுத்துருக்கா, திருட்டுப் புத்தி. அந்தத் தாளு என்னன்னா, பெட்டி எழுதி வச்ச கணக்கு. ஊமை மாதிரி ஸ்டாண்டுல தொங்கிக்கிட்டு, யாரு எப்ப அமுக்குனா, எத்தனை தடவை அமுக்குனா, எத்தனை தடவை மருந்து போச்சுன்னு எல்லாத்தையும் மனசுல வச்சிருக்கு சவம். இப்படி ஒரு கோள்மூட்டி மெஷினுன்னு தெரிஞ்சிருந்தா நான் வைக்கவே விட்டிருக்க மாட்டேன்.

டாக்டரம்மா வெரலை வச்சுக் காட்டுதா. நாலுல இருந்து ஆறு வரை, நாலு நாளும் சைபர். ஆறு மணி ரெண்டு நிமிசத்துக்கு மொத அமுக்கு. நான் லிஃப்டுக்குக் கூடப் போயிருக்க மாட்டேன். அதுல இருந்து ஏழு மணி வரை இருபத்தி மூணு தடவை அமுக்கியிருக்கா. ஆறு தடவைதான் மருந்து போயிருக்கு. மிச்சப் பதினேழும் பூட்டின பெட்டியைப் போட்டு அமுக்கியிருக்கா. நாலு நாளும் இதே கதை. "இதைப் பாத்தா ஒங்களுக்கு என்ன தோணுதுங்கய்யா?"ன்னு கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இதுல தோண என்ன இருக்கு, வெள்ளிடை மலையாட்டம் தெரியுது. நான் இருந்தா வலி இல்லை, நான் போனதும் வலி வந்துருது. மருந்து ஒங்க பெட்டியில இல்லை டாக்டரம்மா, எங்கிட்ட இருக்கு, பேசாம எனக்கு நாள் முழுக்கப் பாஸ் போட்டுக் குடுங்கன்னேன். அவ கண்ணாடியைக் கழட்டினா, தொடைச்சா, மறுபடி மாட்டினா. நான் போயி அம்மாகிட்டக் கேட்டுட்டு வாறேன், நீங்க இங்கயே இருங்கன்னா.

போயி சுத்தித் திரையை இழுத்து விட்டுக்கிட்டு ரெண்டு பேரும் பேசுதாங்க. கால் மணி நேரம். ஆவுடைக்குக் கால் மணி நேரம் பேசத் தெரியும்ங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

பியூலாதான் இந்த மஞ்ச அட்டையைக் கொண்டாந்து நீட்டினா. ஆவுடை சொன்னதை அப்படியே சொல்லுதேன்னு சொன்னா. "அவிய நாள் முழுக்க இருக்கட்டும். ஆனா வெளிய இருக்கட்டும். என் கண்ணுக்குத் தெரியுத மாதிரி உக்காரட்டும்."

கண்ணுக்குத் தெரியுத மாதிரி. அதைக் கவனிச்சியளா? வெளியன்னது வேற ஒண்ணுக்கும் இல்லை. நாம பஸ்ஸுல வாறோம், தூசி, தும்மல், உள்ள இருக்கவங்களுக்கு ஆகாது. அவ எப்பவும் நாலு பேரை நெனைக்கிறவ. கூப்பிட்டா உள்ள போகலாம்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கு மூணாவது நாளு, இன்னும் கூப்பிடலை. மருந்து மயக்கத்துல மறந்திருப்பா.

ஆனா இந்த பெஞ்சுல ஒரு வசதி. பெட்டியும் தெரியும், ஆளும் தெரியும். மொத ரெண்டு நாளு நான் பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தேன். எப்ப நிமிந்து பாத்தாலும் லைட்டு அணைஞ்சுதான் இருக்கும். பத்து நிமிசம் கழிச்சு எரியும், கொஞ்ச நேரத்துல திரும்ப அணையும். சவத்தைத் தள்ளு, மகராசி இஷ்டத்துக்கு அமுக்கட்டும்னு விட்டுட்டேன். இன்னைக்குப் பாருங்க, காலையில இந்த பெஞ்சுல வச்ச பேப்பரை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். அதனால சும்மா அவளையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அவளும் என்னையப் பாக்கா. பேச்சு இல்லை, ஒண்ணும் இல்லை. பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக் கூட இவ்வளவு நேரம் பாத்ததில்லை.

லைட்டு எரியுது பாருங்க. நீங்க வந்ததுல இருந்து எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு, அரை மணி நேரம் இருக்குமா? ஒரு தடவை கூட அணையலை. நான் என்ன சொன்னேன்? உள்ள போகாட்டியும் பரவாயில்லை, வாசல்ல உக்காந்தாலே வலி கிட்ட வராது. பியூலா வரட்டும், அந்தத் தாளையும் எடுத்துக்கிட்டு வரட்டும், நான் பேசுதேன்.

இருங்க.

போர்வை வெலகிக் கெடக்கு. வெளிய இருந்து எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிருக்கா. நீங்க கண்ணாடி போட்டிருக்கியள்லா, கொஞ்சம் எட்டிப் பாருங்க. காலு தெரியுதா? ரெண்டு பெருவெரலும் எப்படி இருக்கு? தனித்தனியா இருக்கா?

சேந்தா இருக்கு?

அமுக்க வேண்டியதுதான? லைட்டு எரியுதுல்லா, மருந்து தயாரா இருக்குல்லா. ஏ ஆவுடை. இங்க பாரு. அமுக்கு. இந்தக் கண்ணாடி வழியாச் சத்தம் கேக்காது. கையக் காட்டுதேன், இருங்க.

பாத்தியளா. வெரலை எடுத்துட்டா. சுவிட்சுல வெரல் இருந்துது, நான் கையைத் தூக்கினதும் எடுத்துட்டா. நான் அமுக்குன்னுதான கையைத் தூக்கினேன். அமுக்குன்னு சொல்ல எனக்கு வேற கை இல்லையே அண்ணாச்சி. இந்தக் கையைத் தூக்கினா அவளுக்கு ஒரே அர்த்தந்தான். நாப்பத்தி மூணு வருசமா நான் சொல்லிக் குடுத்தது.

வேண்டாம், சிஸ்டரைக் கூப்பிடாதீங்க. அவ வந்தாலும் அமுக்க மாட்டா. யாரும் அமுக்கக் கூடாது, அவளேதான் அமுக்கணும். நான் பாத்துக்கிட்டு இருந்தா அமுக்க மாட்டா. நேத்தும் முந்தாநாளும் என் மூஞ்சிக்கு முன்னால பேப்பரு இருந்துது. இவ்வளவுதான். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு, ஒரு டாக்டரு கண்ணாடியைக் கழட்டி மாட்டுறதுக்கு.

வீட்டுல ரெண்டு மாசமும் போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கிட்டுத்தான் கெடந்தா. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி.

நீங்க எந்திரிங்க. இந்த ஓரத்துக்கு வாங்க, நான் அந்தப் பக்கம் போறேன். இங்கன காத்தே வரலை, அதான், வேற ஒண்ணும் இல்லை. நல்லா நேரா உக்காருங்க, என் தலை அவளுக்குத் தெரியக் கூடாது. காலை மட்டும் நான் இப்படி முன்னால நீட்டிக்கிடுதேன். கண்ணுக்குத் தெரியுத மாதிரி உக்காரச் சொன்னால்லா, என் செருப்பு அவளுக்குத் தெரியும். அது போதும். நீங்க அவளைப் பாக்காதீங்க, லைட்டை மட்டும் பாருங்க. இங்க இருந்து எனக்குச் சுவருதான் தெரியுது, நீங்கதான் சொல்லணும்.

எரியுதா? இன்னும் எரியுதா.

பேப்பர்ல கையெழுத்துப் போட்டுருங்க. போட்டுட்டு, சுவிட்சை ஒங்க அண்ணன் கையில குடுக்கும்போது அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க. சன்னலுக்கு வெளிய எங்கயாவது பாருங்க.

இப்ப?

அணைஞ்சுட்டுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. நெசமாவே அணைஞ்சுட்டுதா?

சரி. நீங்க அங்கனயே உக்காந்துக்கிடுங்க. அந்த ஓரம் இனிமே ஒங்களுக்கு.